பெட்டி வரவில்லை என்றால் வாசலைத் தாண்டாதீர்கள்

நெல்லைச் சீமையில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு. மேலப்பாளையம், கடையநல்லூர், ஏர்வாடி, பத்தமடை என்று எந்தப் பக்கம் போனாலும் துபாயிலோ ரியாத்திலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கிற ஒருவர் தெருவுக்கு இருப்பார். ஆனால் அவர்கள் விமானம் ஏறுவதும் இறங்குவதும் இங்கே இல்லை. பலருக்குத் திருவனந்தபுரம், சிலருக்கு மதுரை, மற்றவர்களுக்குச் சென்னையோ கொச்சியோ. வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையம் பக்கம்தான். அங்கிருந்து உள்நாட்டு விமானங்கள்தான் போய்வருகின்றன.

பெட்டி தொலைகிற விஷயத்தில் இந்தத் தூரம் நம்மை ரொம்பவே படுத்துகிறது. விடிகாலையில் திருவனந்தபுரத்தில் விமானம் இறங்குகிறது. ஊரிலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பம் வெளியே காத்து நிற்கிறது, பிள்ளைகள் தூக்கத்தில் சிணுங்குகின்றன, டிரைவர் இரண்டு தடவை ஃபோன் பண்ணிவிட்டார். உள்ளே பெல்ட் நின்றுவிட்டது, ஒரு பெட்டி மட்டும் வரவில்லை. அங்கே சீருடையில் நிற்கும் ஒருவர், "அடுத்த ஃப்ளைட்ல வந்துரும் சார், நம்பரைக் குடுத்துட்டுப் போங்க" என்கிறார். நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு, நாகர்கோவில், காவல்கிணறு வழியாக ஊர் வந்து சேர்ந்தாயிற்று. பெட்டி வரவில்லை என்பதற்கு அந்த நிறுவனத்தின் கணினியில் பதிவு இல்லை. பயணியின் கையிலும் ஒரு தாள் இல்லை. திரும்பப் போகவேண்டும் என்றால் போகவர 300 கிலோமீட்டர். போனாலும், வெளியே வந்துவிட்ட பயணியை மறுபடி உள்ளே விடுவது லேசில் நடக்காது.

பெட்டி வராதபோது செய்யவேண்டிய காரியத்தில் முக்கால்வாசி அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயே முடிந்தாக வேண்டும். ஏன் என்று புரிய, பெட்டி எப்படிப் பயணம் போகிறது என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

கவுன்ட்டரில் எடை போட்டதும் கைப்பிடியில் ஒரு நீளமான பட்டையைச் சுற்றி ஒட்டுகிறார்கள். அந்த டேக்கில் ஒரு பார்கோடும் அதனடியில் பத்து இலக்க எண்ணும் இருக்கும். முதல் இலக்கத்தை விட்டு அடுத்த மூன்று இலக்கங்கள் விமான நிறுவனத்தைக் குறிக்கும். இண்டிகோவுக்கு 312, ஏர் இந்தியாவுக்கு 098. மீதி ஆறும் அந்தப் பெட்டிக்கே உரிய எண். பெரிய எழுத்தில் அச்சாகியிருப்பது போய்ச்சேர வேண்டிய நிலையத்தின் மூன்றெழுத்துக் குறி. தூத்துக்குடிக்கு டி.சி.ஆர்., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்., சென்னைக்கு எம்.ஏ.ஏ. திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி., திருச்சிக்கு டி.ஆர்.இசட். இந்த இரண்டுக்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம், இரண்டுமே வளைகுடாவிலிருந்து நம் ஆட்கள் வந்து இறங்கும் இடங்கள். கவுன்ட்டரை விட்டு நகரும் முன் பெட்டியில் ஒட்டிய டேக்கைப் பார்ப்பதற்கு அரை நிமிஷம் போதும். போர்டிங் பாஸின் பின்புறத்திலோ பாஸ்போர்ட்டிலோ ஒட்டித் தரும் சின்னத் துண்டிலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் அந்தத் துண்டை விமானத்திலேயே கசக்கிப் போட்டுவிடுகிறார்கள். பெட்டி உங்களுடையது என்பதற்கு உங்களிடம் இருக்கும் முதல் ஆதாரம் அதுதான். பெட்டி கைக்கு வரும்வரை பத்திரமாக இருக்கட்டும்.

பெட்டி கவுன்ட்டரைத் தாண்டிய பிறகு உங்கள் முகத்தையோ பெட்டியின் நிறத்தையோ யாரும் பார்ப்பதில்லை. ஸ்கேனர் பார்கோடைப் படிக்கிறது, அதன்படி பெட்டி பிரிந்து போகிறது. 2018 ஜூனிலிருந்து பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் 753ஆம் தீர்மானப்படி, உறுப்பு நிறுவனங்கள் ஒவ்வொரு பெட்டியையும் நான்கு கட்டங்களில் கண்காணித்துப் பதிய வேண்டும்: பயணியிடமிருந்து வாங்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, விமானம் மாற்றும்போது, பயணியிடம் திருப்பிக் கொடுக்கும்போது. அதனால் இன்றைக்குப் பெட்டி எங்கே நின்றுபோனது என்று கணினியில் கண்டுபிடிப்பது முன்பைவிட எளிது. சீட்டா என்ற நிறுவனம் வருடாவருடம் வெளியிடும் கணக்கில் 2007ஆம் ஆண்டு ஆயிரம் பயணிகளுக்குச் சுமார் 19 பெட்டிகள் தடம் மாறின. 2024இல் அது 6.3 ஆகக் குறைந்திருக்கிறது. அந்த 6.3இலும் பெரும்பகுதி தாமதமாக வந்து சேர்ந்தவை. அடியோடு தொலைந்தவையும் திருடுபோனவையும் சேர்த்து பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் பெட்டி வரவில்லை என்றதும் போச்சே என்று தலையில் கைவைக்க வேண்டாம். அது எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது, யாருடையது என்று தெரியாமல் இருக்கிறது என்று நினைத்துக் காரியத்தில் இறங்குங்கள்.

தடம் மாறுவதற்கு மிகப் பெரிய காரணம் விமானம் மாறுவதுதான். 2024இல் தடம் மாறியவற்றில் பத்துக்கு நான்கு அந்த இடத்தில்தான் நடந்தன. நேர் விமானம் கிடைக்காதவர்களுக்கு இது முக்கியம். ரியாத்திலிருந்து துபாயோ தோகாவோ மஸ்கட்டோ மாறித் திருவனந்தபுரம் வருகிறவர், மாறும் இடத்தில் ஒரு மணி நேரம் மட்டும் இருக்கிற டிக்கெட்டை விலை குறைவு என்பதற்காக எடுக்கிறார். முதல் விமானம் நாற்பது நிமிஷம் தாமதமானால் ஆள் ஓடிப் போய் ஏறிவிடலாம், பெட்டியால் ஓட முடியாது. மாறும் இடத்தில் இரண்டு மூன்று மணி நேரமாவது கிடைக்கிற மாதிரி பாருங்கள்.

தூத்துக்குடி வழியில் வேறு ஒரு விஷயம் உண்டு. அங்கே ஓடுபாதை 1,350 மீட்டர்தான் இருந்தது, அதனால் ஏடிஆர் மாதிரியான சின்ன விமானங்கள்தான் இறங்க முடிந்தது. சின்ன விமானத்தில் எடைக் கணக்கு இறுக்கமானது. ஆட்கள் நிறைந்துவிட்டால் சில பெட்டிகளை இறக்கி அடுத்த விமானத்தில் அனுப்புவது நடக்கும். ஓடுபாதையை 3,115 மீட்டருக்கு நீட்டி, புது முனையக் கட்டடமும் கட்டி, 2025 ஜூலை 26 அன்று பிரதமர் திறந்துவைத்தார். இனிப் பெரிய விமானங்கள் வர வழி இருக்கிறது. ஆனாலும் உங்கள் டிக்கெட்டில் இருப்பது ஏடிஆரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏடிஆர் என்றால் மறுநாளைக்கு வேண்டியதைக் கைப்பையில் வைத்துக்கொள்வதே சரி.

சென்னை மார்க்கமாகப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது டிக்கெட் ஒன்றா இரண்டா என்பது. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்திருந்தால், பெட்டி சென்னையோடு நின்றுவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எடுத்து மறுபடி போட வேண்டும். ஒரே டிக்கெட் என்றாலும், "பெட்டி எதுவரைக்கும் போகும்?" என்று கவுன்ட்டரிலேயே கேட்டு, டேக்கில் இருக்கும் எழுத்தையும் பாருங்கள். திரும்பி வரும்போது கதை வேறு. வெளிநாட்டிலிருந்து வந்து இந்தியாவில் முதலில் இறங்கும் இடத்தில் பொதுவாகப் பெட்டியை நாமே எடுத்து, கஸ்டம்ஸைத் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்குத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். தூத்துக்குடி வரை டேக் போட்டிருக்கிறார்களே என்று சென்னையில் பெட்டியை விட்டுவிட்டு அடுத்த முனையத்துக்குப் போகிறவர்கள் உண்டு. பெட்டி சென்னை பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கும், அவர்கள் வாகைக்குளத்தில் காத்திருப்பார்கள்.

அடுத்து, பெட்டிக்குள் என்ன போகிறது என்பது. நம் ஊர்ப் பெட்டிகளுக்கு ஒரு தனி மணம் உண்டு. இருட்டுக்கடை அல்வா, உடன்குடிக் கருப்பட்டி, கல்லிடைக்குறிச்சி அப்பளம், தூத்துக்குடி மக்ரூன், கோவில்பட்டிக் கடலைமிட்டாய், வத்தல், மாவடு, ஊறுகாய். அந்த ஊரில் போய்த் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு இவையெல்லாம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது போயிருந்தவர்களுக்குத் தெரியும். கொண்டு போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் பெட்டி நின்றுபோவதற்குக் காரணமாகிற சில பொருள்கள் உண்டு.

அதில் முதலாவது கொப்பரை. காய்ந்த தேங்காயில் இருக்கும் எண்ணெய் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது என்பதால், விமானப் போக்குவரத்து விதிகளில் அது ஆபத்தான பொருள். செக்-இன் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. நம் வீடுகளில் இது பலருக்குத் தெரியாது. அம்மா ஆசையாக ஒரு பொட்டலம் கட்டி உள்ளே செருகியிருப்பார். இரண்டாவது பவர் பேங்க், உதிரி லித்தியம் பேட்டரிகள். இவை கைப்பையில்தான் வரவேண்டும். ஸ்கேனரில் இப்படி ஏதாவது தெரிந்தால் பெட்டியை ஓரமாக எடுத்து வைத்து உங்களை அழைப்பார்கள். அறிவிப்பு காதில் விழாவிட்டால், நேரத்துக்குள் நீங்கள் போய்த் திறந்து காட்டாவிட்டால், விமானம் உங்களோடு போகும், பெட்டி நின்றுவிடும். பெட்டி "தொலைந்த" கதைகளில் சில இப்படித் தொடங்கியவை.

கசகசா இன்னும் தீவிரமான விஷயம். ஐக்கிய அரபு எமிரேட்ஸிலும் சவுதியிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள், வைத்திருந்தால் சிறைவரை போகும். மசாலாப் பொடியில் சேர்த்து அரைத்திருந்தாலும் அதே சிக்கல்தான். இதோடு ஒட்டியது, "எங்க வீட்டுக்காரருக்கு இதை மட்டும் குடுத்துடுங்க தம்பி" என்று கடைசி நேரத்தில் வரும் பொட்டலங்கள். மறுப்பது நம் ஊரில் கஷ்டம். வாங்குவதானால் அவர்கள் முன்னாலேயே பிரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உங்கள் பேரில் டேக் ஒட்டிய பெட்டிக்குள் இருப்பது எல்லாமே உங்களுடையது என்றுதான் எந்த நாட்டுச் சட்டமும் எடுத்துக்கொள்ளும்.

கயிறு கட்டிய அட்டைப்பெட்டி நம் ஆட்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. துபாய் விமான நிலையம் 2017 மார்ச்சிலிருந்து தட்டையான பக்கம் இல்லாத, உருண்டையான, ஒழுங்கற்ற வடிவப் பெட்டிகளை வாங்குவதில்லை. அவை நகரும் பட்டைகளில் உருண்டு சிக்கி மற்ற பெட்டிகளையும் நிறுத்திவிடுகின்றன என்பதுதான் காரணம். ஜெத்தாவில் கயிறு கட்டியவையும் துணியில் பொதிந்தவையும் கூடாது. சுருட்டிய பத்தமடைப் பாயைத் தனியாகப் போடுவதைவிட, நீளமான கெட்டி அட்டைப்பெட்டிக்குள் வைத்து அகல டேப்பால் ஒட்டுங்கள். கயிற்றின் முடிச்சில் டேக் மாட்டிக் கிழிந்து போவது பெரிய ஆபத்து. டேக் கிழிந்த பெட்டி பேர் இல்லாத பெட்டி. அல்வாவின் நெய் கசிந்து அட்டை ஊறிப் போனாலும் அதே நிலைமை. அல்வாவை டப்பாவில் போட்டு, இரண்டு பிளாஸ்டிக் உறையில் கட்டி, துணிகளுக்கு நடுவே வையுங்கள்.

டேக் போனாலும் பெட்டி பேச வேண்டும் என்றால், உள்ளே மேலாக ஒரு தாள் இருக்க வேண்டும். பேர், இரண்டு நாட்டு ஃபோன் நம்பர், போய்ச்சேரும் ஊர், பயண தேதி, விமான எண். ஆங்கிலத்தில் தெளிவான எழுத்தில். பேர் விஷயத்தில் நம் ஆட்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பேர் உட்கார்ந்திருக்கும். சுடலைமுத்து மகன் முருகனின் டேக்கில் சுடலைமுத்து என்றே பேர் வரும். பெட்டிமேல் அவர் "எஸ். முருகன்" என்று எழுதியிருப்பார். தேடுகிற கணினி குடும்பப் பெயரை வைத்துத்தான் தேடுகிறது. ஆகவே பெட்டியிலும் தாளிலும் டிக்கெட்டில் இருக்கிற மாதிரியே பேர் எழுதுங்கள். போன பயணத்தின் பழைய டேக்குகளையும் சின்ன ஸ்டிக்கர்களையும் கிழித்து எறியுங்கள், ஸ்கேனர் பழைய பார்கோடைப் படித்துவிட்டால் பெட்டி பழைய ஊருக்குக் கிளம்பிவிடும்.

பெட்டியை மூடும் முன் உள்ளே இருப்பதை ஒரு ஃபோட்டோ, மூடியபின் வெளியே ஒரு ஃபோட்டோ, டேக் ஒட்டியபின் இன்னொன்று. குடும்பமாகப் போகும்போது எல்லாப் பெட்டிகளையும் அப்பா பேரிலேயே போடாமல், ஆளுக்கு ஒன்றாக டேக் போடச் சொல்லுங்கள். இழப்பீட்டு வரம்பு ஒரு பயணிக்கு இவ்வளவு என்றுதான் இருக்கிறது, பெட்டிக்கு இவ்வளவு என்று இல்லை. நகை, பணம், ஒரிஜினல் சான்றிதழ்கள், அட்டெஸ்டேஷன் முடித்த டிகிரி, மருந்து, லேப்டாப் எதுவும் செக்-இன் பெட்டிக்குப் போகக் கூடாது. போய்த் தொலைந்தால் நிறுவனங்கள் பொறுப்பேற்பதில்லை என்று தங்கள் நிபந்தனைகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன. கல்யாணத்துக்கோ ஆடி மாதக் கோயில் கொடைக்கோ வருகிறவர்கள், அன்றைக்குக் கட்டவேண்டிய பட்டுத்துணியை மட்டும் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டால் மனசு நிம்மதியாக இருக்கும். வளைகுடாவில் பள்ளி விடுமுறை விழுவதும் இங்கே கொடை நடப்பதும் ஒரே காலம், விமானங்களும் பெட்டிகளும் நெரிவதும் அப்போதுதான்.

பெட்டி எங்கே இருக்கிறது என்று ஃபோனில் காட்டும் புளூடூத் டிராக்கரை உள்ளே வைத்துக்கொள்வதும் நல்ல யோசனை. ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு ஏர்டேக், ஆண்ட்ராய்டுக்கு வேறு வகைகள். 2024 கடைசியிலிருந்து ஏர்டேக்கின் இருப்பிடத்தை ஒரு இணைப்பாக விமான நிறுவனத்துக்கே அனுப்பும் வசதியும் வந்துவிட்டது. பெட்டி துபாயிலேயே இருக்கிறது என்று நீங்கள் காட்டும்போது, "வந்துகொண்டிருக்கிறது" என்று பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்ல முடியாது.

சரி, இவ்வளவும் செய்தும் பெட்டி வரவில்லை. பெல்ட் நின்றதும் முதலில் ஓரத்தில் இறக்கி வைத்திருக்கும் பெட்டிகளைப் பாருங்கள். உங்களுடையது மாதிரியே ஒரு பெட்டி யாரும் எடுக்காமல் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். அப்படி ஒன்று இருந்தால் அதன் சொந்தக்காரர் உங்கள் பெட்டியோடு கார் ஏறியிருக்கலாம், டேக்கில் இருக்கும் பேரை வைத்து அவரை உடனே அழைக்க நிறுவனத்தால் முடியும். இல்லையென்றால் நேராகப் பெல்ட் பக்கத்தில் இருக்கும் பேக்கேஜ் கவுன்ட்டருக்குப் போங்கள். வெளியே நிற்கும் குடும்பத்துக்கு ஒரு ஃபோன் போட்டு, இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று சொல்லிவிடுங்கள். அவசரம் போனால்தான் பேச வரும்.

கேட்டு வாங்க வேண்டியது பி.ஐ.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ப்ராப்பர்ட்டி இர்ரெகுலாரிட்டி ரிப்போர்ட், அதாவது பெட்டி வராததையோ சேதமானதையோ பதியும் அறிக்கை. கடைசியாக எந்த நிறுவனத்தின் விமானத்தில் வந்து இறங்கினீர்களோ அவர்களிடம்தான் இதைப் பதிய வேண்டும். பதிந்ததும் எழுத்தும் இலக்கமுமாகப் பத்து இடம் கொண்ட ஒரு குறிப்பு எண் தருவார்கள், முதல் மூன்றும் விமான நிலையக் குறி, அடுத்த இரண்டும் நிறுவனத்தின் குறி, பிறகு ஐந்து இலக்கம். அந்த எண் கிடைத்தால்தான் உங்கள் பெட்டி வேர்ல்ட் டிரேசர் என்ற உலகளாவிய தேடல் கணினியில் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். "நம்பர் குடுத்துட்டுப் போங்க" என்கிறவரிடம் பணிவாக, ஆனால் நகராமல், "பி.ஐ.ஆர். போட்டுக் குடுங்க, வாங்கிட்டுப் போறேன்" என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. கிழிசல், உடைசல் என்றாலும் அங்கேயே காட்டிப் பதியுங்கள்.

அதில் பெட்டியின் விவரம் கேட்பார்கள். கறுப்பு ட்ராலி என்று சொன்னால் ஆயிரம் கறுப்பு ட்ராலிகளில் ஒன்றாகிவிடும். நிறம், வகை, பிராண்ட் சொல்லிவிட்டு, உள்ளே இருக்கும் வித்தியாசமான பொருள்களைச் சொல்லுங்கள். பேரில்லாத பெட்டி ஒன்று வேறு நாட்டில் கிடைத்தால், அதைத் திறந்து உள்ளே இருப்பதைக் கணினியில் பதிந்து, நீங்கள் சொன்னதோடு ஒப்பிடுவார்கள். சட்டை, பேன்ட் எல்லாப் பெட்டியிலும் இருக்கும். கோரைப் பாய், பேர் வெட்டிய எவர்சில்வர் தூக்குச்சட்டி, பனை ஓலைப் பெட்டி, பிள்ளைக்கு வாங்கிய சிவப்பு ரிமோட் கார், இவைதான் பெட்டியைக் காட்டிக்கொடுக்கும்.

முகவரி அடுத்த முக்கியம். கூரியர்க்காரர் திருவனந்தபுரத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ வரப்போகிறார். தெற்குத் தெரு, புதூர் என்று எழுதினால் நம் பக்கம் எத்தனை புதூர், எத்தனை தெற்குத் தெரு. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது, பழைய பாஸ்போர்ட்டுகளில் கடையநல்லூரும் சங்கரன்கோவிலும் இன்னும் திருநெல்வேலி மாவட்டம்தான். பின்கோடு, பக்கத்தில் தெரிந்த கோயிலோ பள்ளிவாசலோ பஸ் நிறுத்தமோ, ஊரில் உடனே எடுக்கிற ஃபோன் நம்பர் மூன்றும் இருக்கட்டும். வெளிநாட்டு சிம் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். "வந்ததும் சொல்றோம், வந்து எடுத்துக்குங்க" என்று சொன்னால், வீட்டில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று அந்த அறிக்கையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கஸ்டம்ஸ் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, இது பலருக்குத் தெரிவதில்லை. பின்னால் வரும் பெட்டியும் கஸ்டம்ஸைத் தாண்டியே வரவேண்டும். பெட்டி வரவில்லை என்று நிறுவனத்திடம் ஒரு சான்று வாங்கி, உங்களுக்குரிய வரியில்லாச் சலுகையில் இன்னும் பயன்படுத்தாமல் மீதி எவ்வளவு என்று குறித்து, கஸ்டம்ஸ் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். பின்னால் வரும் பெட்டிக்கு அந்த மீதிச் சலுகை கிடைக்க இதுவே வழி. பெட்டிக்குப் பூட்டு போட்டிருந்தால் எப்படித் திறப்பது, உங்கள் சார்பில் யார் கஸ்டம்ஸுக்குக் காட்டுவது, அதற்கு அதிகாரக் கடிதமும் பாஸ்போர்ட் நகலும் வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டு முடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பெட்டி வந்தபிறகும் கஸ்டம்ஸ் அறையில் நாள்கணக்கில் கிடக்கும்.

வீட்டுக்கு வந்தபின் பி.ஐ.ஆர். எண்ணையும் குடும்பப் பெயரையும் போட்டு இணையத்தில் நிலவரம் பார்க்கலாம். ஃபோனில் பேசியதை அன்றைக்கே ஒரு மின்னஞ்சலாகவும் எழுதி அனுப்பிவிடுங்கள். இடைப்பட்ட நாட்களில் அவசியமாக வாங்கிய துணிமணி, சோப்பு, பிள்ளைகளுக்கு வேண்டியது எல்லாவற்றுக்கும் பில் வாங்கி வைத்தால் அந்தச் செலவைக் கேட்க முடியும். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அதில் தாமதத்துக்குத் தனித்தொகை இருக்கிறதா என்று பாருங்கள், அதற்கும் பி.ஐ.ஆர். கேட்பார்கள்.

தேதிக் கணக்கு தவறக் கூடாது. வெளிநாட்டுப் பயணத்துக்கு, விமான நிறுவனத்தின் பொறுப்பு எவ்வளவு என்று சொல்லும் மான்ட்ரியல் என்ற பன்னாட்டு ஒப்பந்தம் பொருந்தும். இந்தியா அதில் 2009இல் சேர்ந்தது, வளைகுடா நாடுகளும் உள்ளன. பெட்டி சேதமாகி வந்தால் கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்தால், வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள். வரவேண்டிய தேதியிலிருந்து 21 நாள் ஆகியும் வரவில்லை என்றால் அதைத் தொலைந்ததாகவே வைத்து இழப்பீடு கேட்கலாம். வழக்குப் போடுவதற்கு 2 வருடம். இழப்பீட்டு வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். இது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு, தோராயமாக 2,000 அமெரிக்க டாலரை ஒட்டி வரும். அது உச்ச வரம்பு. கிடைப்பது நீங்கள் காட்டும் இழப்பைப் பொறுத்தது, பில்லும் ஃபோட்டோவும் உதவுவது இங்கேதான். விலை மதிப்புள்ள பொருளை அனுப்பியே ஆகவேண்டும் என்றால், கவுன்ட்டரிலேயே மதிப்பைச் சொல்லி அதற்குரிய கூடுதல் கட்டணம் கட்டினால் வரம்பு உயரும்.

உள்நாட்டுப் பயணத்தில் வரம்பு ஒரு பயணிக்கு 20,000 ரூபாய். தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குத் தனி டிக்கெட்டில் போன பெட்டி தொலைந்தால் இந்தக் கணக்குதான். கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு ஒரு சின்னத் தொகையைச் சொல்லி முடித்துவிடப் பார்ப்பதும் உண்டு. உள்ளே இருந்தவற்றின் பட்டியலையும் மதிப்பையும் எழுத்தில் கொடுக்காமல் அதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

நிறுவனத்தின் பதில் சரியில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா செயலியில் பதியலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணையும் அழைக்கலாம். அதற்கு மேல் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் செய்த பெரிய உதவி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது. விமான நிறுவனத்தின் அலுவலகம் டெல்லியில் இருந்தாலும் உள்நாட்டுப் பயண வழக்கைத் திருநெல்வேலி மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம், இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே. டிக்கெட்டுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. வெளிநாட்டுப் பயணம் என்றால் எந்த ஊரில் வழக்கு நிற்கும் என்பதற்கு மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் தனி விதி உண்டு. நிறுவனத்தின் தலைமையிடம், டிக்கெட் எடுத்த அதன் கிளை இருக்கும் இடம், போய்ச்சேரும் இடம் என்று அது சொல்கிறது. அதைக் காட்டி எதிர்த்தரப்பு ஆட்சேபிக்க இடமுண்டு என்பதால் அந்த வழக்குக்கு மட்டும் முதலில் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது. விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பியவர் வீடியோ வழியாக ஆஜராக ஆணையத்திடம் மனுச் செய்யலாம். ஊரில் இருக்கும் மனைவிக்கோ தம்பிக்கோ எழுத்தில் அதிகாரம் கொடுத்து அவர்களை ஆஜராகச் செய்யவும் வழி இருக்கிறது.